ஒரே தமிழ், வேறு பாடம்
இணையத்தில் பாடம் தேடும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சில குறிப்புகள்

கடந்த தவணை முடிவில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றின் பாடசாலைக்குச் சென்றிருந்தோம். தரம் 10, தரம் 11 பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள். விஞ்ஞானத்துக்கு ஒரேயொரு ஆசிரியை. அவரும் வாரத்தில் சில நாட்கள் வேறொரு பாடசாலைக்குப் போக வேண்டும். தாம் வராத நாட்களில் பிள்ளைகள் சும்மா இருந்துவிடக்கூடாது என்ற அக்கறையில், இணையத்தில் தேடிய தமிழ்ப் பாட வீடியோக்களை ஒரு கைத்தொலைபேசியில் ஏற்றிக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் அதைச் சுற்றியிருந்து பார்த்துப் படித்து வந்தார்கள்.

நாம் போன அன்று தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. "ஒரு பொருளைப் பூமியிலிருந்து சந்திரனுக்குக் கொண்டுசென்றால் அதன் நிறை மாறுமா?" என்பது ஒரு கேள்வி. வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த மாணவி "மாறாது" என்று எழுதியிருந்தாள். அதற்குப் புள்ளி இல்லை. "ரீச்சர், வீடியோவில நிறை மாறாது எண்டுதான் சொன்னவை" என்று அவள் எழுந்து நின்றாள். ஆசிரியை அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிள்ளை சொன்னது உண்மைதான். வீடியோவிலும் பிழை இல்லை. ஆனால் அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்காகச் செய்யப்பட்ட வீடியோ.

எமது பாடநூலில் ஒரு பொருளில் அடங்கியுள்ள சடப்பொருளின் அளவுக்குத் 'திணிவு' என்று பெயர். அதனைக் கிலோகிராமில் அளப்போம். அப்பொருளைப் பூமி தன்னை நோக்கி இழுக்கும் விசைக்கு 'நிறை' என்று பெயர். அதனை நியூற்றனில் அளப்போம். தமிழ்நாட்டுப் பாடநூலிலோ முதலாவதற்குப் பெயர் 'நிறை', இரண்டாவதற்குப் பெயர் 'எடை'. சந்திரனின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆகவே எமது 'நிறை' அங்கே குறையும், அவர்களது 'நிறை' மாறாது. இரண்டு நூல்களும் ஒரே விஞ்ஞானத்தையே சொல்கின்றன. ஒரே சொல் வேறு பொருளில் வந்ததால் பிள்ளைக்குப் புள்ளி போயிற்று.

தவணைப் பரீட்சையில் போன புள்ளி பரவாயில்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் போனால் அதைத் திருப்பிக் கேட்க முடியாது. இணையத்தில் பாடம் தேடுவது பற்றி இந்த இதழில் எழுதுவதற்கு அந்த விடைத்தாளே காரணம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இது ஏன் முக்கியம்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து நடந்தவர்கள், 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் நலன்புரி நிலையங்களில் இருந்தவர்கள், 2025 நவம்பரில் டித்வா புயலின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் வீடிழந்தவர்கள் என்று எல்லாருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. வீட்டை விட்டுப் புறப்படும்போது காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுப்போம். பிள்ளையின் புத்தகப் பையை எடுக்க நேரம் இருப்பதில்லை.

1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. ஆனால் வருட நடுவில் இடம்மாறிப் போகும் பிள்ளைக்குப் புதிய பாடசாலையில் மேலதிகப் புத்தகம் இருக்குமென்று சொல்ல முடியாது. ஆசிரியரும் தமது குறிப்புகளை இழந்துவிட்டு வந்தவராக இருக்கலாம். முன்னர் அப்படிப்பட்ட நிலையில் பழைய புத்தகம் தேடி வீடுவீடாக அலைந்தோம். இன்று அந்தப் புத்தகங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால் வெள்ளம் வந்தாலும் சட்டைப் பையில் கொண்டுபோகலாம்.

சிக்கல் என்னவென்றால், 'தரம் 10 விஞ்ஞானம் தமிழ்' என்று தேடினால் நல்லதும் கெட்டதும், எமதும் பிறரதும் கலந்து வந்து குவியும். எதை முதலில் எடுப்பது என்பதே கேள்வி.

முதலில் தட்ட வேண்டிய நான்கு கதவுகள்

வெளியே போகுமுன் எமது நாட்டுப் பாடத்திட்டத்தை வைத்திருக்கும் இடங்களுக்குப் போக வேண்டும். நான்கும் தமிழில் உண்டு. நான்குக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. டேட்டாச் செலவு மட்டுமே.

முதலாவது, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளம். பாடசாலையில் கொடுக்கப்படும் அதே பாடநூல்கள் இங்கு இருக்கின்றன. மொழி, தரம், பாடம் என்று தெரிவுசெய்து அத்தியாயம் அத்தியாயமாக எடுக்கலாம். முழுப் புத்தகத்துக்கும் டேட்டா போதாதவர்கள் இந்தத் தவணைக்குரிய அத்தியாயங்களை மட்டும் எடுத்தால் போதும்.

இரண்டாவது, மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளம். பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டிகளும் இங்கு கிடைக்கும். எந்தத் தேர்ச்சியை எத்தனை பாடவேளையில் கற்பிப்பது, பாடம் முடிவில் பிள்ளை எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் வழிகாட்டியில் எழுதப்பட்டிருக்கும். தமது பாடமல்லாத ஒன்றைக் கற்பிக்க நேர்ந்த ஆசிரியருக்கும், பாடசாலை இல்லாத நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியருக்கும் இதைவிடப் பெரிய உதவி இல்லை.

மூன்றாவது, பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம். கடந்தகால வினாத்தாள்களை இங்கு தேடலாம். புள்ளி வழங்கும் திட்டமும் கிடைத்தால் அதையும் சேர்த்து எடுங்கள். எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எந்தப் படிமுறைக்குப் புள்ளி என்பது அதில் தெரியும். ஒரு எச்சரிக்கை: 2016 இல் சாதாரண தரத்துக்குப் புதிய பாடத்திட்டத்தில் பரீட்சை தொடங்கியது. அதற்கு முந்திய வினாத்தாள்களில் இப்போது படிப்பிக்காத பகுதிகளும் வரும். பாடத்திட்டம் மாறும் எந்தக் காலத்திலும் வினாத்தாளின் ஆண்டைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

நான்காவது, கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ'. தரவாரியாகவும் பாடவாரியாகவும் பாடங்களும் பயிற்சிகளும் வீடியோக்களும் மூன்று மொழிகளிலும் அதில் உண்டு. பாடநூலை வாசித்து விளங்காத இடத்துக்கு வேறு விளக்கம் தேட இது முதலிடம்.

இந்த நான்கின் பலம் ஒன்றுதான். முல்லைத்தீவிலும் புத்தளத்திலும் பதுளையிலும் அரச பாடசாலைகளில் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இவை ஒன்றே. பிள்ளை எங்கே இடம்பெயர்ந்தாலும் விட்ட அலகிலிருந்து தொடரலாம்.

சொல் மாறினால் பொருள் மாறும்

தமிழ்நாட்டில் செய்யப்படும் பாட வீடியோக்கள் தொகையில் மிக அதிகம். பல நல்லவை. அவற்றை ஒதுக்கிவிடும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் ஆசிரியர் முதலில் பார்த்து, சொற்களை மாற்றிச் சொல்லிவிட்டே பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

சில சொற்கள் வேறுபட்டாலும் ஆபத்தில்லை. எமது ஒட்சிசனை அவர்கள் ஆக்சிஜன் என்பார்கள். நைதரசன் அங்கே நைட்ரஜன். ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. கலம் அங்கே செல். மூலகம் அங்கே தனிமம். சேர்வை அங்கே சேர்மம். ஆர்முடுகல் அங்கே முடுக்கம். இவற்றில் பிள்ளை முதலில் தடுமாறினாலும் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் விளங்கிக்கொள்ளும்.

ஆபத்து, இரண்டு இடத்திலும் இருக்கும் ஒரே சொல்லில்தான். நிறையைப் பற்றிச் சொன்னோம். 'வேகம்' இன்னொன்று. எமது பாடநூலில் திசை பாராமல் அளப்பது கதி, திசையோடு சேர்த்து அளப்பது வேகம். தமிழ்நாட்டில் திசை பாராதது வேகம், திசையுள்ளது திசைவேகம். 'மூலம்', 'காரம்' மற்றொரு சோடி. எமது இரசாயனத்தில் அமிலத்துக்கு எதிரான பொதுவகை மூலம். நீரில் கரையும் மூலமே காரம். தமிழ்நாட்டு நூல்களில் அந்தப் பொதுவகைக்கே காரம் என்று பெயர். 'திறன்' என்று அவர்கள் சொல்வதை நாம் 'வலு' என்கிறோம்.

இந்தச் சொற்களை ஒரு பெரிய கடதாசியில் இரண்டு நிரலாக எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது. ஒரு மணித்தியால வேலை. வருடம் முழுவதும் பயன்படும்.

வெளியிலிருந்து எடுக்கத்தக்கவை

எமது பாடத்திட்டத்தில் இல்லாத வசதி சில வெளியே உண்டு. நாம் பார்த்தவற்றுள் நான்கைச் சொல்கிறோம்.

ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைகளுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் 'பெட்' என்ற பயிற்சித் தொகுதி உதவும். பௌதிகவியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் தொடங்கியது. மின்கலத்தையும் மின்குமிழையும் திரையில் இணைத்துச் சுற்று அமைத்துப் பார்க்கலாம். இணைப்புப் பிழைத்தால் குமிழ் எரியாது. ஏன் என்று பிள்ளையே தேட வேண்டும். பல பயிற்சிகள் தமிழிலும் உண்டு. ஒருமுறை இறக்கிவைத்தால் இணையம் இன்றியும் இயங்கும். மொழிபெயர்ப்பில் வரும் சொற்களை மட்டும் முன்னர் சொன்னபடி கவனித்துக்கொள்ள வேண்டும்.

சிறு பிள்ளைகளின் வாசிப்புக்கு இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய 'ஸ்ரோறிவீவர்' உண்டு. படக்கதைகள் வாசிப்பு மட்டம் 1 முதல் 4 வரை பிரிக்கப்பட்டிருக்கும். எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு அச்சிட்டுப் பகிர இவற்றுக்கு அனுமதியுண்டு. முன்பள்ளிக்கு ஒரு சிறு நூலகம் அமைக்க இது போதும்.

எமது ஊர், எமது வரலாறு, எமது எழுத்தாளர் பற்றிய பாடங்களுக்கு 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' மின்னூலகம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நூல்களை இழந்தோம். இங்கே பழைய நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பழைய ஊரின் பாடசாலை மலரும் அங்கே இருக்கக்கூடும். தேடிப் பாருங்கள்.

நான்காவது, 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. பொது அறிவுக்கு நல்லது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்பதால் பரீட்சை விடைக்கு அதை மட்டும் நம்பக்கூடாது.

விதை நெல்லைப் போலச் சோதியுங்கள்

வேறிடத்திலிருந்து வந்த விதை நெல்லை மூடையைப் பார்த்தவுடன் யாரும் விதைப்பதில்லை. எந்த இனம், எத்தனை மாதப் பயிர், எங்கே விளைந்தது என்று கேட்போம். நூறு மணியை ஈரத்துணியில் வைத்து, 85 இற்குக் குறையாமல் முளைத்தால்தான் வயலுக்குக் கொண்டுபோவோம். இணையத்தில் கிடைக்கும் பாடத்துக்கும் அதே சோதனை வேண்டும். ஐந்து கேள்விகள் போதும்.

1. யார் செய்தது? பெயரோ நிறுவனமோ இல்லாத பாடத்தை ஒதுக்கிவிடுங்கள்.

2. எந்த நாட்டுப் பாடத்திட்டம், எந்த ஆண்டு?

3. எமது பாடநூலின் எந்த அலகுக்குப் பொருந்தும்? பொருந்தும் அலகின் இலக்கத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

4. கலைச்சொற்கள் பாடநூலோடு ஒத்துப்போகின்றனவா?

5. அச்சிட்டுக் கொடுக்க அனுமதி உண்டா?

பிறகு நாலைந்து பிள்ளைகளுக்குக் காட்டி, "என்ன விளங்கினது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் தம் சொல்லில் திருப்பிச் சொன்னால் முழு வகுப்புக்கும் கொடுக்கலாம். "நல்லாயிருந்தது" என்பதோடு நிறுத்தினால் அது முளைக்கவில்லை என்றே பொருள்.

இரண்டு இடங்களில் கூடிய கவனம் வேண்டும். ஒன்று, கைத்தொலைபேசிக் குழுக்களில் பரவும் 'எதிர்பார்க்கை வினாத்தாள்'கள். பணம் கொடுத்து வாங்குமுன், பரீட்சைத் திணைக்களத்தின் உண்மையான வினாத்தாள்களை முழுவதும் செய்தாயிற்றா என்று பிள்ளையைக் கேளுங்கள். மற்றது, கேட்டவுடன் விடை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். 2022 இன் பின்னர் இவை எல்லாக் கைகளிலும் வந்துவிட்டன. ஆசிரியருக்குப் பயிற்சிக் கேள்விகள் தயாரிக்க இவை உதவும். ஆனால் பிழையான விடையையும் சந்தேகமே இல்லாதவாறு எழுதித்தரும். தமிழ்நாட்டுச் சொல்லையும் எமது சொல்லையும் ஒரே பந்தியில் கலந்துவிடும். பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அதைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

சிக்னல் இல்லாத ஊரில் என்ன செய்வது?

2021 இல் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில் போஹிட்டியாவ என்ற மலைக்கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காடு தாண்டிப் பாறை உச்சிக்கு ஏறியதைச் செய்திகளில் பார்த்தோம். வன்னியில் மரத்தடியிலும் குளக்கட்டிலும் அதே கதைதான். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நாளும் அலைய வேண்டியதில்லை. நகரத்துக்குப் போகும் ஒருவர் ஒரு தவணைக்கு ஒருமுறை இறக்கிவந்தால் போதும். எழுத்துப் பாடங்கள் சிறியவை. ஒரு வகுப்பின் பாடநூல்கள் அனைத்தும் ஒரு சிறிய மெமரி கார்ட்டில் அடங்கும். வீடியோக்கள்தான் இடம் பிடிப்பவை. அவற்றைத் தெரிந்தெடுத்துக் கொஞ்சமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பழைய கணினி கிடைக்கும் ஊருக்கு இன்னொரு வழியும் உண்டு. 'கொலிப்ரி', 'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருள்கள் இணையம் இல்லாத இடத்துக்கென்றே செய்யப்பட்டவை. கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதாக இறக்கி வைக்கலாம். கொலிப்ரியில் பாடங்களை வகுப்பு வாரியாக அடுக்கலாம். கணினியோடு ஒரு வைஃபை ரவுட்டரை இணைத்துவிட்டால் மண்டபத்தில் இருக்கும் கைத்தொலைபேசிகள் டேட்டா இல்லாமலே அந்தப் பாடங்களைத் திறக்கும்.

கைத்தொலைபேசியே இல்லாத பிள்ளைக்கு அச்சுத்தாள்தான் வழி. அந்த வாரத்துப் பாடத்தை ஒரே ஒரு பிரதி எடுத்து மண்டபச் சுவரில் ஒட்டினால் பத்துப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியது

"எங்களுக்கு இணையம் தெரியாது, இது ரீச்சர்மாரின்ர வேலை" என்று பல பெற்றோர் எம்மிடம் சொன்னார்கள். ஆசிரியருக்கும் கைகள் இரண்டுதான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ கூடிப் பேசிப் பின்வருவனவற்றைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கும் ஓர் இளைஞரையோ யுவதியையோ 'பாடக் காப்பாளர்' ஆக்குங்கள். இறக்குவதும் தரவாரியாக அடுக்குவதும் அவர் பொறுப்பு. எது வேண்டும் என்று சொல்வதும், வந்ததைப் பார்த்துச் சம்மதிப்பதும் ஆசிரியரின் பொறுப்பு. டேட்டாவுக்கும் கடதாசிக்கும் சங்கம் ஒரு சிறு தொகை ஒதுக்கட்டும். தொகுப்பின் பிரதிகள் மூன்று வீடுகளில் இருக்கட்டும். ஒரு வீடு வெள்ளத்தில் போனாலும் மற்றது இருக்கும். விதை நெல்லை ஒரே பட்டடையில் வைக்காததற்கும் காரணம் இதுதானே? தவணை தொடங்குமுன் வலயக் கல்வி அலுவலகத்தின் ஆசிரிய ஆலோசகரிடம் தொகுப்பை ஒருமுறை காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

நாம் போன அந்தக் கிராமத்தில் வேலை தொடங்கிவிட்டது. மண்டபச் சுவரில் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு நிரல்கள் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. எழுதியவள் புள்ளி இழந்த அதே மாணவி. முதல் வரியில் 'திணிவு - நிறை', இரண்டாம் வரியில் 'கதி - வேகம்'. கீழே இடம் விட்டிருக்கிறாள். புதிய சொல் அகப்படும்போது எழுதுவதற்காம்.

உங்கள் ஊரில் அகப்படும் சொற்களையும் எமக்கு எழுதி அனுப்புங்கள். ஆசிரியர்களிடம் காட்டிச் சரிபார்த்து, வரும் இதழில் எல்லா ஊர்களுக்கும் பயன்படும்படி பட்டியலாகத் தருவோம்.